வாடகைக் குரல்

ஊரில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே வழி சொல்ல ஆளிருக்காது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி எந்தத் தெருவில் ஊர்ந்தாலும் அதிலிருந்து வருவது அவர் குரல்தான். துணிக்கடைத் தள்ளுபடி, நாளைக்குக் குடிநீர் வராது என்ற செய்தி, வீட்டைவிட்டு வழிதவறிப்போன பெரியவர், காலமான பெரிய மனிதர், எல்லாவற்றுக்கும் அதே குரல். அதட்டுகிற குரல் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்றபடி நமக்கு ஒரு நல்லதைச் சொல்லிவிட்டுப் போவது மாதிரி இருக்கும். தள்ளுபடி என்று நம்பிப் போய் ஏமாந்தவர்கள்கூட அடுத்த முறையும் போனார்கள், கடைக்காரரைத் திட்டினார்களே தவிர அந்தக் குரலைத் திட்டவில்லை.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. குட்டையான உருவம், முன்வழுக்கை, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நிற்கும் தொப்பை. சந்தையில் நூறு பேரோடு நின்றால் தொலைந்துபோவார். ஆனால் கத்தரிக்காய் என்ன விலை என்று வாயைத் திறந்தால் போதும், நாலு தலை திரும்பும். இது அவருக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் கத்தரிக்காய் கூடை நிறையக் கிடக்கும்போதுகூட விலை கேட்பார்.

டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில்தான் ஒலிப்பதிவு. எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், மின்விசிறி கூடாது, பதிவு முடிவதற்குள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டூடியோக்காரர் தாளைக் கொடுத்ததும் ரேடியோ முதலில் மூச்சைத்தான் பார்ப்பார். எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அப்புறம். அர்த்தம் பார்த்துப் படித்தால் சாவுச் செய்திக்கு அழுதுவிடுவேன், தள்ளுபடிக்குச் சிரித்துவிடுவேன், தொழில் ஓடாது என்பார். இதை அவர் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருமுறை தொண்டை கட்டி வாரக்கணக்கில் பேச முடியாமல் போனபோது ஸ்டூடியோக்காரர் ஒரு யோசனை சொன்னார். குணமானதும் அவரை உட்கார வைத்து ஊரிலுள்ள தெருப் பெயர்கள் முழுவதையும், கிழமைகளை, எண்களை, காலை, மாலை, இன்று, நாளை, மாலைக்குள், வரை என்று உதிரிச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேச வைத்துப் பதிந்துகொண்டார். இனிமேல் அவசர அறிவிப்பு வந்தால் கணினியிலேயே சொல்லுக்குச் சொல் ஒட்டிக்கொள்ளலாம், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ரேடியோவுக்கு இது பரம சௌகரியமாகப் பட்டது. வீட்டில் படுத்திருக்கும்போது குரல் மட்டும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்தால் கசக்குமா என்ன?

வீட்டில் அம்மா படுக்கையில் இருந்தாள். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காதும் அறிவும் அப்படியே இருந்தன, எல்லாம் புரியும், ஒன்றும் சொல்ல முடியாது. ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. ரேடியோவின் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கிறவள், விடிந்ததும் போனால் இருட்டியபிறகு வருவாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது ஊர்க்காரர்கள் ஒருவரும் வரவில்லை. மலம் அள்ளுகிற வேலை என்று முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் வந்தவள் கிடங்குத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண்.

கிடங்குத் தெருவில் இருந்தவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள். அவர்கள் நாட்டில் சண்டை மூண்டு ஊர்கள் எரிந்தபோது கையில் அகப்பட்டதையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். தங்கலாம், வேலை செய்யலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. பழைய கிடங்குகளுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட அறைகளில் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். மூட்டை தூக்குவது, சாக்கடை அள்ளுவது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என்று ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலைகளெல்லாம் அவர்கள் கைக்குப் போயின. அப்புறம் ஊர்க்காரர்களே எங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள்.

அந்தப் பெண்ணை ரேடியோவின் மனைவி தங்கச்சி என்று கூப்பிட்டாள், அவரும் அப்படியே கூப்பிட்டார். கூப்பிடுவதில் இருந்த பாசம் சம்பளத்தில் தெரியாது, அது வேறு விஷயம். தங்கச்சி இந்த ஊர்ப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. தெருவில் போகிற அறிவிப்பு வண்டியைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றாள். அதனால் அவள் பேச்சே தனி. அம்மாவின் கட்டிலருகே நின்று, "அன்பார்ந்த அம்மா அவர்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. இப்போது மாத்திரை வழங்கப்படும்" என்பாள். மல்லிகைப் பூவோ மண்ணாங்கட்டியோ, எதைப் பற்றிப் பேசினாலும் "என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடிப்பாள். முதல்முறை கேட்டபோது அம்மாவின் வாய் ஒருபக்கமாகக் கோணிச் சிரித்தது. பக்கவாதம் வந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வீட்டில் வேலை பார்ப்பது தங்கச்சிக்குப் பெரிய கௌரவம். தன் தெருவில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். குடிநீர் வராது என்று வண்டி சொன்னால் கிடங்குத் தெருவில்தான் முதலில் குடம் நிரம்பும். ரேடியோ சொன்னதில் ஒன்றும் பொய்த்ததில்லை என்று அங்கே ஒரு நம்பிக்கை.

இப்படி இருக்கும்போதுதான் மரக்கடைக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஊர் நலக்குழு என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவராகவும் ஆகியிருந்தார். தேர்தல் வேறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கிடங்குத் தெருக்காரர்களை விரட்ட வேண்டும் என்று மேடை போட்டுத் தொண்டை கிழியப் பேசிப் பார்த்தார்கள், கூட்டம் சேரவில்லை. சத்தம் போடுகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆகவே ரேடியோ பேச வேண்டும் என்றார். அவர் கடையில் மரம் இறக்குகிறவர்கள் அத்தனை பேரும் கிடங்குத் தெருக்காரர்கள், அரைக்கூலிக்கு. அந்த நேரத்தில் அதை அவருக்கு நினைவுபடுத்த அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ரேடியோ தாளை வாங்கி வழக்கம்போல மூச்சைப் பார்த்தார். வந்தேறிகள் பெருகிவிட்டார்கள், நோயைப் பரப்புகிறார்கள், நம் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, அவர்களுக்கு வீடு கொடுக்காதீர்கள், வேலை கொடுக்காதீர்கள், கடையில் சாமான் கொடுக்காதீர்கள், விரட்டியடிப்போம் வாரீர் என்று இருந்தது. வாக்கியம் நீளமாக இருக்கிறது, இரண்டாக உடைக்கலாம் என்றார். விரட்டியடிப்போம் என்பது மைக்கில் வெடிக்கும், வழியனுப்பி வைப்போம் என்றால் காதுக்கு இதமாக இருக்கும் என்றும் அவரே சொன்னார். மரக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். படிக்கும்போது ரேடியோவுக்குத் தங்கச்சி ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. பொய் சொல்வானேன். வந்த ஞாபகத்தை அடுத்த மூச்சுக்குள் தள்ளிவிட்டுப் படித்து முடித்தார். ஒரே மூச்சில் சரியாக வந்ததால் திரும்பப் பதியவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வண்டி கிளம்பியது. மேடைப் பேச்சு செய்யாத வேலையை அது செய்தது. மளிகைக்கடைக்காரர் கிடங்குத் தெருக்காரர்களிடம் உப்பு இல்லை என்றார், அவர் முதுகுக்குப் பின்னால் உப்பு மூட்டை இருந்தது. பேருந்தில் அவர்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகவே போயின. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை, எல்லாம் மரியாதையாகவே நடந்தது. துணிக்கடையில் கூட வேலை பார்க்கிறவள் ரேடியோவின் மனைவியிடம், நானும் ஆரம்பத்தில் பாவம் என்றுதான் நினைத்தேன், உங்கள் வீட்டுக்காரரே சொல்கிறார் என்றால் விஷயம் இருக்கும் என்றாள். மனைவி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கச்சி அன்றும் வேலைக்கு வந்தாள். அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்தாள். அன்பார்ந்த அம்மாவும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கிளம்பும்போது தங்கச்சி கூடத்தில் உட்கார்ந்திருந்த ரேடியோவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, அது நீங்கதானே?"

"நான் படிச்சேன், அவ்வளவுதான் தங்கச்சி. எழுதினது நான் இல்ல. யாரோ எழுதிக் குடுக்கறாங்க, நான் படிக்கறேன். என் தொழில் அது."

"எங்க தெருவுல யாருக்கும் உங்க எழுத்து படிக்கத் தெரியாது அண்ணா. காதால கேக்கத்தான் தெரியும்."

ஊரையே பேசி மயக்குகிறவர் கூடத்தில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலில் இருந்து அம்மா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலேயே இரண்டாவது அறிவிப்பு வந்தது. ரேடியோ முடிவெட்டிக்கொண்டிருந்தபோது வண்டி கடையைத் தாண்டிப் போனது. கிடங்குத் தெருவில் உள்ளவர்கள் ஞாயிறு மாலைக்குள் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பின்விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அவர் குரல் சொன்னது. சவரக்கத்தி கழுத்தில் இருப்பதை மறந்து அவர் திரும்பிவிட்டார். முடிவெட்டுபவர், என்ன ரேடியோ இப்படிப் பயமுறுத்துகிறீர்கள் என்று சிரித்தார். ரேடியோ அதைப் பேசவே இல்லை. கிடங்குத் தெரு என்பது குடிநீர் அறிவிப்புக்கு உதவும் என்று அன்றைக்கு மற்றத் தெருப் பெயர்களோடு பதிந்தது. ஞாயிறும் மாலைக்குள்ளும் அப்படியே. பின்விளைவு என்பதை ஏதோ பூச்சிமருந்து விளம்பரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். ஒட்டுத் தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. அவர் காதுக்கே அது தன் பேச்சாகத்தான் கேட்டது.

பாதித் தலையோடு ஸ்டூடியோவுக்கு ஓடினார். ஸ்டூடியோக்காரர் அசரவில்லை. அவசரம் என்றார்கள், உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே ஒட்டிவிட்டேன், இதற்காகத்தானே பதிந்து வைத்தோம் என்றார். அழித்துவிடச் சொன்னார் ரேடியோ. மரக்கடைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், முதல் பதிவு மற்ற ஊர்களுக்கும் போய்விட்டது, அங்கேயும் நல்ல வரவேற்பாம் என்று பதில் வந்தது. பிறகு ஆறுதலாக ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். இனி நீங்கள் இல்லாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை என்றார்.

தங்கச்சி மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அம்மா சாப்பிடாமல் போனது அப்போதுதான். காலையில் மனைவி கடைக்குப் போகுமுன் நாலு வாய் ஊட்டுவாள், இரவில் வந்து கொஞ்சம் ஊட்டுவாள், அதுதான் உள்ளே போயிற்று. பகலெல்லாம் ரேடியோ குழைத்த சோற்றைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து, கொஞ்சம் வாயைத் திறம்மா, என் தங்கம் இல்லையா என்று கெஞ்சினார். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர்கூட இறங்கவில்லை, மாத்திரையும் இல்லை. பார்க்க வந்த மருத்துவர், இந்த நாலு வாய்ச் சோற்றோடு இப்படியே போனால் உடம்பு தாங்காது, ஒரு வாரம் தாண்டுவதே கஷ்டம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தங்கச்சி கைப்பழக்கம், அவள் வந்தால்தான் சாப்பிடுவாள் என்று ரேடியோ முடிவு கட்டினார். பெற்றவளைப் பட்டினி போட்டுச் சாகடித்த பாவம் தன் தலையில் விழப்போகிறது என்று பயந்தார்.

சனிக்கிழமை மதியம் கிடங்குத் தெருவுக்குப் போனார். அதுவரை அந்தத் தெருவின் பெயரை எத்தனையோ தடவை உச்சரித்திருக்கிறாரே தவிர ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. தெரு முழுக்க ஆள் நடமாட்டம். பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. வழியில் நின்ற ஒரு பெண் அவரை யாரோ என்று பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள், ஒரு குழந்தை அவர் காலில் முட்டிக்கொண்டு சிரித்தது. எந்த அறை என்று தெரியாமல் அவர் நடுத்தெருவில் நின்றார்.

"தங்கச்சி, நான்தான்மா வந்திருக்கேன்" என்று கூப்பிட்டார்.

குரல் கேட்டதும் தெரு நின்றது. சிரித்த குழந்தையை ஒருத்தி வந்து வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்பட்டன, உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு கிழவர் மட்டும் ஓட முடியாமல் கட்டின சாக்கின் மேல் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் கூப்பினார். ரேடியோ பதறிப்போய், பயப்படாதீங்க, அது நான் பேசினது இல்ல, என் பேச்சை வெட்டி ஒட்டியிருக்காங்க, நான் உங்க தெரு பேரைச் சொல்லவே இல்ல என்று மூடிய கதவுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். கெஞ்சலாகத்தான் சொன்னார். ஆனால் வண்டியில் வந்ததும் இதே கனிவோடுதானே வந்தது? பேசப் பேச ஒரு வீட்டுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"போயிடறோம் ஐயா," என்றார் கிழவர். "நாளைக்குச் சாயங்காலம்னு சொன்னீங்க. அதுக்குள்ள போயிடறோம். நேர்ல வரணுமா?"

தங்கச்சியைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. பிள்ளைகளோடு விடியற்காலையிலேயே முதல் லாரியில் ஏறிவிட்டாள், எந்த ஊர் என்று லாரிக்காரருக்கே தெரியாது என்றார் கிழவர். ரேடியோ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிழவர் கூப்பிய கையை இறக்கவில்லை. ரேடியோ திரும்பி நடந்தார். தெருமுனை வந்து திரும்பிப் பார்த்தபோது ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தொண்டையின் மேல் அவருக்கு அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி விடுப்புச் சொல்லிவிட்டு வந்து அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள், வேகமாகவே. பசி. ரேடியோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சாப்பிடறியாம்மா" என்று வாசற்படியிலிருந்தே கேட்டார். அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. கரண்டி உதட்டில் பட்டு நின்றது, சோறு முகவாயில் வழிந்தது. மனைவி துணியால் துடைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"தங்கச்சிக்காக இல்லீங்க," என்றாள். "உங்க கைமேலயும் அவங்களுக்குக் கோவம் இல்ல. நீங்க வாயைத் திறக்காம ஊட்டிப் பாருங்க."

கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ரேடியோ கட்டிலருகே உட்கார்ந்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கரண்டியில் சோற்றை எடுத்ததும் அம்மா என்ற சொல் பழக்கத்தில் தானாக மேலே வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். அம்மா அவர் கையைப் பார்க்கவில்லை, கரண்டியையும் பார்க்கவில்லை. அவர் உதட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்காது என்று நிச்சயமானபின் தன் வாயைத் திறந்தாள்.